சாமான்களுக்கு நடுவே

கதவை ஒருக்களித்துச் சாத்தியதும் மண்டபத்து ஜெபமாலைச் சத்தம் தண்ணீருக்கு அடியில் போனதுபோல் ஆயிற்று. தெக்லா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை அப்படியே நின்றாள். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறை அது. கொடியேற்றத்துக்கும் கிறிஸ்துமசுக்கும்தான் அதற்குள் ஆள் வரும். சப்பரத்துச் சக்கரங்கள், சுருட்டி வைத்த சிவப்புக் கம்பளம், சிக்கு விழுந்த சீரியல் பல்புகள், குடிலில் வைக்கிற ஒட்டகங்கள், அதில் ஒன்றுக்குக் காது இல்லை, அப்புறம் மேய்ப்பர்கள், எல்லோரும் வகுப்பில் தண்டனை வாங்கினவர்கள்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கவிழ்த்துக் கிடந்த ஒரு மரப்பெட்டியில் அவள் உட்கார்ந்தாள். பெட்டி முனகியது, பிறகு தாங்கிக்கொண்டது. பால் கொடுக்கத்தானே வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளை பாலுக்கு அழவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். வெளியே, மண்டபத்து நடுவில், ஒரு ஸ்டூலின் மேல் பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. கடற்கரைத் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுப் பெண்களின் பேரும் அதற்குள் சீட்டாக மடிந்து கிடக்கிறது. அவள் பேரும்தான். ஜெபமாலை முடிந்ததும் உபதேசியார் கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விடுவார். யார் பேர் வருகிறதோ அவள் தெருவுக்குத் தலைவி. நாளைக் காலையில் அவள் தாசில்தார் முன்னால் போய் நிற்க வேண்டும். முதல் வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டு, உப்பளத்துக்கு அப்பால் அரசாங்கம் கட்டியிருக்கிற மாடி வீடுகளுக்கு வருகிறோம் என்றோ வரமாட்டோம் என்றோ தெருவுக்காக ஒரே வாயாகச் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் கடல் மூன்று வீட்டு அடுப்படிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வருகிறோம் என்று சொன்னால் பாதித் தெரு ஏசும், வரமாட்டோம் என்றால் மீதிப் பாதி. முதலில் கைதூக்கித்தான் தலைவியை எடுக்கப் பார்த்தார்கள், தூக்கின கைகள் அப்படியே அடுத்தவள் கொண்டைக்குப் போய்விட்டன. அதனால்தான் பங்குச் சாமியார் இந்தச் சீட்டு ஏற்பாட்டைச் செய்தார். பழைய ஏற்பாட்டில் இஸ்ரயேல் ஜனங்கள் தங்கள் முதல் அரசனைச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள், நீங்களும் ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, பூசை முடிந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

சாமியார் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். மீதிக் கதை தெக்லாவுக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. கான்வென்ட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்த முதல் வகுப்பில் விவிலியம் நடக்கும். பிள்ளைகள் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள், சிஸ்டர் ஒலிம்பியாவும் பாதித் தூக்கத்தில்தான் கதை சொல்லும். இதெல்லாம் யூதர்களுடைய மறைநூல், நமக்கு முன்னாலேயே அவர்கள் வாசித்துச் சண்டை போட்டுத் தேய்த்த புஸ்தகம், அதனால் மரியாதையாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடும். கோத்திரம் கோத்திரமாகச் சீட்டுப் போட்டு, பிறகு குடும்பம் குடும்பமாகப் போட்டு, கடைசியில் கீசின் மகன் சவுல் என்று பேர் வந்தது. தேடிப் பார்த்தால் ஆளைக் காணோம். என்ன செய்வது என்று தெரியாமல் ஆண்டவரிடமே கேட்டார்கள். அவர், அதோ, சாமான்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறான் என்று காட்டிக் கொடுத்தார். அன்றைக்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தெக்லாதான் ரொம்பச் சிரித்தாள், பெஞ்சைத் தட்டிச் சிரித்தாள். மற்றவர்களைவிட ஒரு தலை உயரமான ஆள், மூட்டை முடிச்சுக்குள் எப்படித்தான் மடங்கி உட்கார்ந்திருப்பான். இப்போது அவளும் முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, ஒட்டகத்தின் முதுகு இடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் உயரம்தான். தெருவில் அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பேர். சவுல் அங்கே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பான், அதை மட்டும் ஏன் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அந்த வருஷப் பரீட்சையில், நல்ல தலைவருக்குரிய பண்புகளை விளக்குக என்று ஒரு கேள்வி வந்தது. தெக்லா பக்கம் பக்கமாக எழுதினாள். அஞ்சாமை, நாவன்மை, நடுநிலை, முன்னறிவு, கலங்காத உள்ளம். திருத்தி வந்த தாளில் முழு மார்க்கும் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் சிஸ்டர் ஒரு வரி எழுதியிருந்தது. இப்படி ஒரு ஆள் அந்தப் புஸ்தகத்தில் எங்கே இருக்கிறார் என்று. அது கேலியா, திட்டா, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டதா என்று அவளுக்கு அன்றைக்கும் புரியவில்லை. பிள்ளை மார்பிலேயே மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, ஒன்றும் கிடைக்காமலே சப்புக் கொட்டினான். சுவக்கீன் என்று அவனுக்குத் தாத்தா பேர். இவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய பேர், சட்டை தொளதொளவென்று தொங்குவதுபோல.

அஞ்சாமை. அந்த வார்த்தையை அன்றைக்கு எவ்வளவு அழகாக வளைத்து வளைத்து எழுதினாள். வெளியே ஜெபமாலையின் ஐந்தில் இரண்டாம் தேவ இரகசியம் தொடங்கிவிட்டது. முன்பாதியை ஒருத்தி தனியாகச் சொல்கிறாள், பின்பாதியை எல்லோரும் சேர்ந்து, அலை உள்வாங்கித் திரும்புவதுபோல. ராத்திரியும் இப்படித்தான் கேட்கும். புருஷன் அலோசி தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறான், காற்று விட்டால்தான் திரும்புவான். அம்மா பேறுகாலம் பார்த்துவிட்டு, அடுத்த மகளின் பேறுகாலத்துக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் அவளும் பிள்ளையும் கடலும்தான். விளக்கை அணைத்ததும் கடல் படியேறி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளும். அதுகூடப் பயமில்லை. வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். பயம் வேறொன்று, அதற்கு இன்னும் அவள் பேர் வைக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லை. காற்றாட வைத்திருக்கலாம் என்று பின்கதவைத் திறந்து, கடலுக்கு இறங்குகிற கல்படியில் அவனோடு நின்றாள். தண்ணீர் கரேலென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவள் கைகள் தானாகத் திறப்பதுபோல ஒரு படம் மனசில் வந்தது. வந்தது, அவ்வளவுதான். கை திறக்கவில்லை. கை அவனை இறுக்கின இறுக்கலில் பிள்ளைக்கு விலாவில் விரல் பதிந்தது, பிறகு அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அன்றிலிருந்து நடக்கும்போதெல்லாம் ஒரு பழைய சேலையால் பிள்ளையைத் தன் உடம்போடு வரிந்து கட்டிக்கொள்கிறாள். குளிரும் என்று கட்டியிருக்கேன் அக்கா என்று எல்லாரிடமும் சொல்கிறாள். நல்ல வெயிலில் சொல்கிறாள். அவள் நம்பாதது தன் கைகளை என்று யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பிசாசு பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள், அலோசி திரும்பி வந்து வாசலிலேயே நின்று அவளைப் புதுசாகப் பார்ப்பான். சவுலுக்கு முன்னால் அந்த ஜனங்களை எகிப்திலிருந்து கூட்டி வந்த மோசேயின் கைகூட அப்படித்தான். எங்கிருந்தோ அந்தக் கதை வந்து நின்றது. மலையுச்சியில் கையை உயர்த்தி நின்றால் கீழே சண்டையில் அவன் ஜனங்கள் ஜெயிப்பார்கள், கை தாழ்ந்தால் தோற்பார்கள். கைதான் பாரமாகிப் போயிற்றே. பலம் வேண்டும் என்று ஆண்டவர் கைக்குள் ஒன்றும் ஊற்றிவிடவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பொழுது சாயும்வரைக்கும். நடுக்கடலில் பாய்மரத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. தன்னால் நிறுத்தி வைக்க முடியாத கையை வைத்துக்கொண்டா அவன் தலைவன் என்று அப்போது தெக்லா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, மணி அடித்துவிட்டது.

அந்த மோசேயைப் பெற்றவள் கையும் திறந்ததுதான். பிள்ளையோடு கூடையை ஆற்று நாணலுக்கு நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாளே. எப்படி எடுத்தாள். விரல் விரலாக எடுத்தாளா, சட்டென்று எடுத்துவிட்டு ஓடினாளா. ஆறு என்பதால் முடிந்தது, கடலாயிருந்தால் முடியுமா. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். தெக்லா தலையை உதறிக்கொண்டாள். ஒட்டகத்தின் மேலிருந்த ஜிகினா கன்னத்தில் ஒட்டியது. வேறு எதையாவது நினை. மரங்களை நினை. மரங்கள் கூடித் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கிளம்பின கதை. ஒலிவ மரத்திடம் போய்க் கேட்டன, என் எண்ணெயை விட்டுவிட்டு உங்களுக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கவா என்றது. அத்திமரம் என் இனிப்பை விடவா என்றது, திராட்சைக் கொடி என் ரசத்தை விடவா என்றது. கடைசியில் முட்செடியிடம் போயின. அதற்கென்ன, வாருங்கள், என் நிழலில் வந்து ஒதுங்குங்கள், வராவிட்டால் என்னிடமிருந்து தீ கிளம்பி எல்லாரையும் எரிக்கும் என்றது. முட்செடிக்கு ஏது நிழல். சின்ன வயதில் அது கெட்ட தலைவனைப் பற்றின கதை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்த ஒலிவ மரம்தான் உறுத்துகிறது. எனக்குப் பிள்ளை இருக்கிறது, என் பாலை விட்டுவிட்டு வரவா என்று நல்ல பிள்ளைபோல ஒதுங்கிய மரம். ஆனால் நான் ஒலிவ மரமா என்ன. தன் கையையே நம்பாத ஒரு மரத்துக்கு என்ன பேர். முட்செடி யார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காதான். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், குரல் கலங்கரை விளக்கு வரைக்கும் கேட்கும். பிள்ளை விடிய விடிய அழுத மறுநாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் வைத்து, ‘ஏட்டி கான்வென்ட்டு, நீ பிள்ள வளக்கியா, சங்கு ஊதப் பழக்குதியா?’ என்றாள். அத்தனை குடங்களும் சிரித்தன. தெக்லா அரைக் குடத்தோடு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். முன்னால் தலைவியாயிருந்த பிலோமினா அக்கா வீட்டு வாசலில் ஒருநாள் காலையில் யாரோ மீன் கழுவின தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். அந்த அக்கா அதைத் துடைத்துவிட்டு, அந்த வாரமே மகள் வீட்டுக்கு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டாள். கொட்டினது ஜெசிந்தாதான் என்று தெரு சொன்னது. பார்த்தவர்கள் யாருமில்லை, இருந்தாலும் சொன்னது. தலைவியென்றால் அந்தத் தண்ணீர். தாழ்ப்பாளைத் திறந்ததும் காலை நனைக்கிற தண்ணீர்.

பிள்ளை இப்போது நிஜமாகவே குடிக்கத் தொடங்கியிருந்தான். பால் இறங்கும்போது முதுகெலும்பில் ஒரு நூலை யாரோ மெல்ல உருவுவதுபோல் இருக்கும், அந்த நூலோடு தூக்கமும் வரும். வெளியே சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எந்த இரகசியம், மூன்றா நான்கா. முடிந்துவிடக் கூடாது, முடியாமலே ஓடட்டும். சுவரைப் பார்த்து நின்ற மேய்ப்பர்கள் மெதுவாகத் திரும்பியது போலிருந்தது. ஒருத்தன் தோளில் ஆட்டுக்குட்டி இருக்கிறது, அதன் கால் உடைந்து கம்பி தெரிகிறது. அந்தக் குட்டியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. புஸ்தகத்தில் இல்லை, யூத குருமார் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது என்று சிஸ்டர் சொன்னது. மோசே மாமனாரின் ஆடு மேய்த்தபோது குட்டி ஒன்று கூட்டத்தை விட்டு ஓடிப்போயிற்றாம். துரத்திக்கொண்டே போனான். அது ஒரு நீர்நிலையைக் கண்டு நின்று குடிக்கத் தொடங்கியது. ஐயோ, தாகத்துக்கா ஓடினாய், எனக்குத் தெரியாமல் போயிற்றே, களைத்திருப்பாயே என்று தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினானாம். ஆண்டவர் அதைப் பார்த்துத்தான் தம் ஜனங்களை மேய்க்க ஆளைப் பிடித்தாராம். எனக்குத் தெரியாமல் போயிற்றே. அது மட்டும்தானே அவளும் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வயிற்று வலியா, காதுவலியா, கொசுவா, சூடா, எதற்கு அழுகிறாய் தங்கம், எனக்குத் தெரியவில்லையே. ஒட்டகங்கள் நடக்கத் தொடங்கின. பிறகு தெருவே நடந்தது. குத்துவிளக்கும் குக்கரும் மாதா படமும் டிவிப் பெட்டியுமாகக் கடற்கரைத் தெரு முழுவதும் உப்பளத்து வரப்பில் வரிசையாகப் போகிறது, இரண்டு பக்கமும் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கிறது, கடல் பிளந்து ஓரமாக ஒதுங்கி நிற்கிறதுபோல. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். அங்கே மீன் எங்கே கிடைக்கும், மாடியிலிருந்து வலையையா வீசுவது. ஆமாம், மோசேயின் ஜனங்களும் மீனுக்குத்தானே அழுதார்கள். பாலைவனத்தில், வானத்திலிருந்து மன்னா என்கிற அப்பம் விழுந்துகொண்டிருக்கும்போது, எகிப்தில் சும்மா தின்ற மீன் ஞாபகம் வருகிறதே என்று ஆளாளுக்குக் கூடார வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். வகுப்பில் எல்லாரும் சீ என்றார்கள், கடற்கரைப் பிள்ளைகள் மட்டும் சொல்லவில்லை. தெக்லாவுக்கு அப்போதே தெரியும், மீனுக்கு அழுவது மீனுக்கு மட்டும் அழுவதில்லை.

அப்புறம்தானே மோசே அந்தக் கத்தல் கத்தினான். தெக்லாவுக்குத் தூக்கம் கலைந்தது. இது எப்படி மறந்துபோயிருந்தது. இத்தனை நாளும் எந்த மூட்டைக்கு அடியில் கிடந்தது. இந்த ஜனங்களை எல்லாம் நானா வயிற்றில் சுமந்தேன், நானா பெற்றேன், பால்குடிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இவர்களை மடியில் தூக்கிக்கொண்டு நட என்று எனக்குச் சொல்லுகிறீரே, இத்தனை பேரையும் நான் ஒருத்தனாய்ச் சுமக்க முடியாது, இப்படித்தான் என்னை வைத்திருப்பீரென்றால் இப்போதே என்னைக் கொன்றுபோடும் என்றான். தாடி வைத்த ஆம்பளை, கடலைப் பிளந்த ஆம்பளை, பால்குடிப் பிள்ளையைப் பற்றிப் பேசினான். அன்று வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்கள். தெக்லாவும் டெஸ்க்கில் கன்னத்தை வைத்துப் பாதித் தூக்கத்தில்தான் கேட்டாள், ஏதோ கடலுக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல. என்னைக் கொன்றுபோடும். கல்படியில் நின்றபோது அவள் வாயும் அதைத்தானே சொல்லிற்று. வார்த்தை வேறு, அர்த்தம் அதுதான். அவனைப் பார்த்து ஆண்டவர் என்ன சொன்னார். இடி விழவில்லை. நெருப்பு விழவில்லை. உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்கவில்லை. எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, உன் மேலிருக்கிற ஆவியில் கொஞ்சம் எடுத்து அவர்கள் மேலும் வைக்கிறேன், நீ ஒருத்தனாய்ச் சுமக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அப்படியென்றால் அவன் வாயைத் திறந்து கத்தினதுதானா காரியம். மாட்டேன் என்று இல்லை, முடியவில்லை என்று. மாட்டேன் வேறு, முடியவில்லை வேறு. ஒலிவ மரம் மாட்டேன் என்றது. சவுல் ஒன்றுமே சொல்லாமல் மூட்டைக்குள் போனான், பிறகு ராஜாவாகி வயிற்றுக்குள்ளேயே பயத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் யாழ் வாசித்த ஒரு சின்னப் பையனுக்குக்கூடப் பயந்து அவன்மேல் ஈட்டியை எறிந்தான். சொல்லாத பயம் அவ்வளவு தூரம் போகும் போலிருக்கிறது. கை வரைக்கும் போகும். அவள் தன் வலது கையைப் பிள்ளையின் முதுகிலிருந்து எடுத்து, இருட்டில் விரித்துப் பார்த்தாள். மெலிந்த கை, நகத்தில் மஞ்சள். பூரான் கடித்த தழும்பு ஒன்று. பிள்ளை குடித்து முடித்து, வாயோரம் பால் வழிய, அப்படியே தூங்கிப் போயிருந்தான்.

வெளியே சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. டப்பாவுக்குள் காகிதம் சரசரத்தது. எலி ஓடுவதுபோலிருந்தது அவளுக்கு. உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

‘தெக்லா அலோசியஸ்.’

‘யாரு?’

‘நம்ம கொடிக்கம்பம்லா!’

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஏட்டி தெக்லா, ஏட்டி என்று இரண்டு மூன்று குரல்கள். ‘இப்ப எங்கூடத்தான உக்காந்து செபம் சொல்லிட்டு இருந்தா.’ ‘பிள்ள அழுதிருக்கும், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பா.’ ‘பாவம், பச்சப் பிள்ளக்காரி, அவள எதுக்கு. வேற சீட்டு எடும் உபதேசியாரே.’ தெக்லாவின் உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. ஒரு வார்த்தை, பாவம் என்று ஒரே வார்த்தை, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, அதில் அப்படியே படுத்துக்கொள்ளலாம். ஆனால் உடனே ஜெசிந்தாவின் கலங்கரை விளக்குக் குரல் எழுந்தது. ‘எடுத்ததத் திருப்பிப் போட நீரு யாரு ஓய்? ஆண்டவரு என்ன கண்ணு தெரியாமலா எடுத்துக் குடுத்தாரு?’ ‘ஆள் இல்லாம நான் யாருக்கும்மா மாலை போட?’ என்றார் உபதேசியார். ‘மூணு தடவ கூப்பிடுதேன். வரலன்னா வேற எடுப்பேன். ஒரு தரம். தெக்லா அலோசியஸ்.’ ‘மீன் ஏலமா விடுதீரு?’ என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. தெக்லா கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது ஆண்டவர் சொல்வார். அதோ, சாமான்களுக்கு நடுவே இருக்கிறாள் என்று சொல்வார். யாராவது ஒருத்தி கதவைத் தள்ளித் திறப்பாள், பிள்ளை வீறிட்டு அழுவான், ஒட்டகம் சரியும், ஏதாவது ஒன்று நடந்து அவளை வெளியே இழுத்துப் போட்டுவிடும், அவள் ஒன்றுமே செய்ய வேண்டியிராது. ‘ரெண்டு தரம்.’ பிள்ளை அழவில்லை. அவ்வளவு அமைதியாக அவன் ஒருநாளும் தூங்கினதில்லை. ஒட்டகம் அசையவில்லை. கதவுப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. ஆண்டவர் வாயே திறக்கவில்லை. சவுலைக் காட்டிக் கொடுத்தவர் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. இங்கேயே இருந்துகொள், ஒன்றும் சொல்லமாட்டேன் என்பதுபோல அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டப்பாவின் மூடி மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது. தெக்லா எழுந்தாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தபோது வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அவள் முடியில் ஜிகினாவும் நூலாம்படையும் தொங்கின.

‘அடியாத்தி, குடிலுக்குள்ள இருந்துல்லா வாரா!’

‘அங்க என்னட்டி பண்ணுன?’

‘ஒளிஞ்சிருந்தேன்.’

பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

‘தாசில்தாருக்கா பயப்படுத? அவரு என்னம்மா, மனுசன்தான.’ உபதேசியார் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சமாதானமாகச் சொன்னார்.

‘தாசில்தாருக்கு இல்ல.’ தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து அவள் நிறுத்தாமல் சொன்னாள். ‘நாளைக்கு நான் போறேன். வாரோம்னு சொன்னாலும் ஏசுவிய, வரமாட்டோம்னாலும் ஏசுவிய. ஏசிக்கிடுங்க. ஆனா எனக்கு ராத்திரியில பிள்ளையோட தனியா இருக்கப் பயமா இருக்கு. கடலுக்கு இல்ல. எங்கையப் பாத்தே எனக்குப் பயமா இருக்கு. கெட்ட கெட்ட நெனப்பா வருது. யார்ட்டயும் சொல்லல. அவரு வாரவரைக்கும் யாராவது வந்து எங்கூடப் படுக்கணும். என்னால ஒத்தையில முடியல.’

உபதேசியார் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டப்பாவைப் பார்த்தார், அதற்குள் ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. ஓரத்திலிருந்த ஒரு வயசான அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி குனிந்து பாயில் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை, ஆனால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பாயில் சொட்டியது. தெக்லா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தப்பு செய்துவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது, இனி பிள்ளையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஜெசிந்தா எழுந்தாள். எழுந்திருக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, கனத்த உடம்பு. மீன்வாடையோடு பக்கத்தில் வந்து நின்று, பிள்ளையைக் கேட்டுக் கை நீட்டாமல், தெக்லாவின் இரண்டு முழங்கைகளுக்கும் அடியில் தன் கைகளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

‘எனக்கு மூத்தவன் பெறந்தப்ப, அருவாமனைய ஒளிச்சு வச்சவ நானு’ என்றாள், குரலைத் தாழ்த்தாமலே, எல்லாருக்கும் கேட்கும்படி. ‘முழுசா மூணு மாசம் எங்கண்ணுல அது படல. ஒனக்கு இதச் சொல்லத் தைரியம் இருக்கு, எனக்கு இல்லாமப் போச்சு. ராத்திரிக்கு நான் வாரேன். நாளைக்கு இன்னொருத்தி வருவா, வராட்டா இழுத்துட்டு வாரேன். ஆனா இப்பவே சொல்லிப்புட்டேன், கொறட்ட விடுவேன். அப்புறம் தலைவி தூங்கலன்னு தாசில்தார்ட்டப் போயி எம்மேல மனுக் குடுக்கப்படாது.’